அந்தக் கறுத்த இரண்டையும் எறிந்துவிடாதீர்கள்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். என் அம்மப்பா வெள்ளைக்காரர் காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தவர். வீடு திருத்தும்போது அவருடைய பழைய பிஸ்கட் தகரம் ஒன்று அகப்பட்டது. உள்ளே 1818 என்று போட்ட ராமர் காசு ஒன்று, வெள்ளி ரூபாய்கள் சில, செப்புச் சதங்கள், சதுரக் காசுகள், மிகச் சின்னக் காசுகள் சில, ஒரு சிறிய கடதாசி நோட்டு, என்னவென்றே தெரியாத கறுத்த கட்டிகள் இரண்டு. ராமர் காசுக்கு 5 இலட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆனால் முதலில் ‘சோதனைக்கு’ 25,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். மற்றவற்றைப் புளி போட்டுக் கழுவத் தொடங்கியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பச் சொல்கிறார். கறுத்த இரண்டையும் எறிந்துவிடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

சகோதரி, முதலில் புளியை நிறுத்துங்கள். அப்புறம் அந்தச் சோதனைக் காசைக் கட்டாதீர்கள். மீதி எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால், எதை நீங்கள் பெரிதாக நினைக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ராமர் காசு சிவப்புத் துணியின் நடுவில் இருக்கிறது. வெள்ளி ரூபாய்கள் அதைச் சுற்றி. செப்புக்காசுகள் ஒரு குவியலாக. கறுத்த இரண்டும் துணிக்கு வெளியே, மேசை ஓரத்தில். நாணயம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரிசையைக் கிட்டத்தட்ட தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள்.

ராமர் காசை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பக்கம் ராமர், சீதை, இலக்குமணன், அனுமான். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி என்ற ஆங்கில எழுத்து, ‘ஒரு அணா’ அல்லது ‘அரை அணா’, 1818 என்ற ஆண்டு. கம்பனி இப்படி ஒரு அணாக் காசை ஒருபோதும் வெளியிடவில்லை. இந்தியா முழுவதற்கும் பொதுவான காசைக் கம்பனி அடிக்கத் தொடங்கியதே 1835இல்தான். அதில் இருந்தது நான்காம் வில்லியம் மன்னரின் தலை. ராமர் காசுகள் பிற்காலத்தில் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்ற வில்லைகள். 1616, 1717, 1839 என்று ஆண்டு மாற்றியும் வரும். பூசை அறையில் வைத்துக் கும்பிடலாம், அதில் பிழையில்லை. விலை என்று பார்த்தால் உலோகத்தின் பெறுமதிதான்.

5 இலட்சம் என்று சொன்னவருக்கும் அது தெரியும். இந்தியாவில் பல காலமாக நடக்கும் ஏமாற்று இது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று கதை கட்டி, பெரிய தொகையைக் காட்டி, நடுவில் ‘சோதனைக் கட்டணம்’, ‘பதிவுக் கட்டணம்’ என்று கறந்துகொண்டு மறைந்துவிடுவார்கள். உண்மையாக வாங்க வருகிறவர் விற்கிறவரிடம் கட்டணம் கேட்பதில்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தினால் பொலிஸில் கொடுக்க உதவும்.

இனி அந்த மேசை ஓரத்துக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு கட்டியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கூட்டெழுத்துச் சின்னம் தெரிகிறது. பெரிய ‘வி’ ஒன்றின் இரண்டு கால்களிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோர்த்த அடையாளம். ஒல்லாந்தில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்த டொய்ற் காசிலும் இதே சின்னம் இருக்கும், ஆனால் டொய்ற் மெல்லியது, வட்டம் ஒழுங்கானது, மறுபக்கம் ஏதாவது ஒரு ஒல்லாந்த மாகாணத்தின் இலச்சினை இருக்கும். உங்களுடையது தடிப்பு, விளிம்பு கோணல், வெட்டிய வாய் தெரிகிறது. அது இந்தத் தீவிலேயே அடித்த ஸ்டைவர் என்ற ஒல்லாந்தர் காலச் செப்புக்காசு.

இங்கே அடிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. 1780இல் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. கடல் வழி பத்திரமில்லை. தாயகத்துக் காசை நம்பி இருக்க முடியவில்லை. சம்பளமும் சந்தையும் நிற்காதே. கையில் இருந்த செம்பை வெட்டிக் கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அடித்தார்கள். எங்கே அடித்தது என்பதற்கு ஊரின் ரோமன் முதலெழுத்தைச் சின்னத்துக்கு மேலே போட்டார்கள்: கொழும்புக்குச் ‘சி’, காலிக்கு ‘ஜி’, யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’, திருகோணமலைக்கு ‘டி’.

உங்கள் ஊர் அந்தப் போரில் பட்ட பாடு தெரிந்ததுதானே. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். சமாதானம் ஆன பிறகு 1784இல்தான் ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. 1795 ஆகஸ்டில் மறுபடி ஆங்கிலேயர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர் திரும்பவே இல்லை. ஆகவே ‘டி’ எழுத்துக் காசில் ஆண்டு தேய்ந்து போயிருந்தாலும், 1784க்கும் 1795க்கும் இடைப்பட்ட பத்துச் சொச்சம் வருடங்களுக்குள் அது அடங்கிவிடும். கொழும்பு ஸ்டைவர் அளவுக்கு அது அகப்படுவதில்லை. திருகோணமலைக்காரர் ஒருவருடைய வீட்டில் திருகோணமலையில் அடித்த காசு என்றால், சேகரிக்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். உங்கள் படத்தில் சின்னத்துக்கு மேலே ஒரு நேர்கோடு மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது யாழ்ப்பாணத்தின் ‘ஐ’யாகவும் இருக்கலாம், மேல் கிடைக்கோடு தேய்ந்த ‘டி’யாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க ஒரு வழி: இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, காசை வெள்ளைத் தாளில் வைத்து, ரோர்ச் லைற்றை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். காசை மெல்லத் திருப்பிக்கொண்டே நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். மேலிருந்து ஒளி விழும்போது மறைந்து கிடக்கும் மேடு, பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் விட்டு எழும்பும். நேர்கோட்டின் தலையில் இரண்டு பக்கமும் ஒரு சின்ன நிழல் விழுந்தால் உங்கள் ஊர். நகைக்கடைத் தராசில் நிறையும் பார்த்து எழுதி அனுப்புங்கள்.

மற்றக் கட்டியில் யானையின் பின்பகுதி தெரிகிறது என்று நினைக்கிறேன். யானை என்றால் அது ஒல்லாந்தர் காசில்லை, அதற்கு அடுத்த கட்டம். ஆங்கிலேயர் வந்ததும் பழைய கணக்கை ஒரேயடியாக மாற்றவில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன றிக்ஸ்டொலர் என்ற நாணயக் கணக்கையே வைத்துக்கொண்டார்கள். பழைய காணி உறுதிகளில் ‘இறைசால்’ என்று வருவது இதுதான். ஒரு றிக்ஸ்டொலருக்கு 12 பணம் (இங்கே ‘பணம்’ என்பது ஓர் அலகின் பெயர்), ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர், ஆக 48 ஸ்டைவர். முதல் ஆண்டுகளில் அடித்த தடித்த செப்புக்காசில் ஒரு பக்கம் யானையும் ஆண்டும்; மறுபக்கம் இலங்கை அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் எழுதி நடுவில் 12, 24 அல்லது 48 என்று ஒரு எண். பலர் அந்த எண்ணைக் காசின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டு 48ஐப் பெரிய காசு என்று நினைக்கிறார்கள். 48 என்றால் றிக்ஸ்டொலரில் 48இல் ஒரு பங்கு, மூன்றிலும் அதுதான் சின்னது. உங்கள் யானையின் மறுபக்கத்தையும் ரோர்ச் வைத்துப் பாருங்கள்.

அந்த மிகச் சின்னக் காசுகளுக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1825இல் பிரித்தானியப் பவுண், சிலிங்கை இங்கே சட்டப்படியான பணமாக்கி, ஒரு றிக்ஸ்டொலரை ஒன்றரைச் சிலிங் என்று கட்டினார்கள். ஒன்றரைச் சிலிங் 18 பென்ஸ். அதைப் 12 பணத்தால் பிரித்தால் ஒரு பணத்துக்கு ஒன்றரைப் பென்ஸ் வரும். இங்கிலாந்தில் அப்போது அப்படி ஒரு காசு இல்லை. அதனால்தான் 1834 முதல் ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக்காசு தனியாக அடித்தார்கள்; இலங்கைக்கும் ஜமேக்காவுக்கும் போனது. உங்கள் படத்தில் கிரீடத்தோடு ஒன்று இருக்கிறதே, அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டைப் பொத்தான் போல இருக்கும் செப்புக்காசு அரை பார்திங். பென்ஸில் எட்டிலொன்று. கால் பார்திங்கும் உண்டு, அது பென்ஸில் 16இல் ஒன்று. முதலில் 1839இல் வந்தது. அரை பார்திங்கை 1842இல் இங்கிலாந்திலேயும் செல்லுபடியாக்கினார்கள். கால் பார்திங் இலங்கைக்கு மட்டும்தான். இவ்வளவு சின்னக் காசு தேவைப்பட்டது என்றால் இங்கே ஒரு நாள் சந்தைச் செலவு எந்த அளவில் நடந்தது என்று நீங்களே யோசியுங்கள். காசில் இருக்கும் விக்டோரியா ராணியின் தலையை விட எனக்கு இந்தக் கணக்குத்தான் பிடிக்கும்.

வெள்ளி ரூபாய்களைப் பற்றி நீங்கள் ‘இவை இந்தியக் காசு, இலங்கைக் காசு இல்லையே’ என்று படத்தின் கீழ் எழுதியிருந்தீர்கள். கவலைப்பட ஒன்றும் இல்லை. கோப்பி வியாபாரமும் தோட்டக் கூலியும் இந்திய ரூபாயில் நடந்ததால், கடைசியில் அரசாங்கமும் அதையே ஏற்றுக்கொண்டது. 1872 முதல் ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு. சதங்களை மட்டும் இலங்கைக்கென்று தனியாக அடித்தார்கள். 1870 என்று ஆண்டு போட்டு வந்த கால், அரை, ஒரு சதம், ஐந்து சதம் எல்லாம் செம்பு. நடுவில் ஒரு பனை, தாளிப்பனை என்பாரும் உண்டு. பக்கங்களில் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. வெள்ளியில் 10, 25, 50 சதங்கள் 1892இல் வந்தன. ரூபாயை மட்டும் வெள்ளையர் ஆட்சி முடியும்வரை இலங்கைக்கென்று அடிக்கவே இல்லை. இலங்கையின் முதல் ஒரு ரூபாய்க் குற்றி 1957இல், புத்த ஜயந்திக்கு வந்தது. ஆகவே உங்கள் அம்மப்பாவின் தகரத்தில் இந்திய ரூபாய் இருப்பதுதான் சரி. இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அந்த ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, 11.66 கிராம். பழையவற்றில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதி வெள்ளிதான். நகைக்கடைக்காரர் உருக்கும் விலைக்குக் கேட்பார். தேய்ந்த சாதாரண ஆண்டுகளுக்கு அந்த விலையை விட அதிகம் எதிர்பார்க்க முடியாது. முகத்தில் மயிரிழை வரை தெரியும் தெளிவான காசு இருந்தால் அதை உருக்க விடாதீர்கள். 1862 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள், ஏராளமாகக் கிடைக்கிறது.

சதுரக் காசுகளில் வெண்மையானவை இலங்கை ஐந்து சதம், 1909 முதல். பித்தளை நிறத்தில் இருப்பவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தவை. செம்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது, அது மலாயாவின் ஒரு சதம். டொக்யாட்காரரின் தகரத்தில் இது அதிசயமில்லை. கடற்படைக் கப்பல்கள் சிங்கப்பூர், ஏடன், மொம்பாசா என்று எல்லாத் துறைமுகக் காசையும் கொண்டுவந்து திருகோணமலைக் கடைத்தெருவில் கொட்டின. இந்த வெளிநாட்டுக் காசுகளைத் தனியே பிரித்து விற்றால் ஒன்றும் பெரிதாக வராது. தகரத்தோடு சேர்ந்திருந்தால்தான் அவற்றுக்குக் கதை உண்டு.

கடதாசி நோட்டை நான் ஆசையோடு பார்த்தேன். 1942 ஜூன் மாதத்து ஐந்து சத நோட்டு. குறுக்கே துளைக்கோடு, ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். தேவைப்பட்டால் கிழித்துக் கொடுக்கலாம். அவ்வளவு சில்லறைத் தட்டுப்பாடு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் உங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டிருந்தன. உங்களுடையது கிழிக்காமல் முழுதாக இருக்கிறது. செலோரேப் ஒட்டாதீர்கள், மடிப்பை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். ஒரு புத்தகத்துக்குள் சுத்தமான வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவில் வையுங்கள், போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம், நேரடியாக உங்கள் கேள்வி இல்லைதான். அரசாங்கம் நோட்டு அச்சிடுவது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. 1884இல் இலங்கையில் புழக்கத்தில் இருந்தவை தனியார் வங்கிகளின் நோட்டுகள். இலைநோய் வந்து கோப்பி அழிந்ததும், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. மக்கள் கையில் இருந்த நோட்டு கடதாசியாகப் போகிற நிலை. ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துப் பதற்றத்தை அடக்கினார். அதன் பிறகு நோட்டு வெளியிடுவதை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஓரியன்ரல் வங்கி நோட்டு ஒன்று எங்காவது பெட்டிக்கடியில் இருந்தால் அதை மட்டும் எனக்கு உடனே சொல்லுங்கள்.

புளிக்கு வருகிறேன். கழுவிய ஒரு சதத்தையும் கழுவாத ஒரு சதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுவியது இளஞ்சிவப்பாக, தோல் உரிந்த இடம் மாதிரி இருக்கும். நூறு வருடத்தில் செம்பின் மேல் படிந்த கபில நிறப் படைதான் அதைக் காக்கிறது, வாங்குகிறவர் பார்ப்பதும் அதையே. அமிலம் அதை ஒரு நிமிடத்தில் தின்றுவிடும், திரும்ப வராது. பிராஸோ, சாம்பல், தேசிக்காய், பற்பசை எல்லாம் இதே வகை. கழுவியவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் பல தடவை அலசி நன்றாக உலர்த்துங்கள். கராஜில் பற்றரிக்கு விடும் நீர் வாங்கலாம். அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். கிணற்று நீர் வேண்டாம், கடலோரக் கிணற்றில் உப்பு இருக்கும்.

உப்புத்தான் உங்கள் ஊரில் செப்புக்காசுக்கு முதல் எதிரி. களிம்பில் இரண்டு வகை உண்டு. வழவழப்பாக, இறுக்கமாக, கரும்பச்சையாக இருப்பது நல்லது, தொடாதீர்கள். வெளிர்பச்சையாக, மாவு போலப் பொருக்கு விட்டு, பல் குத்தும் குச்சியால் தொட்டால் உதிர்வது நோய். கடற்காற்றின் குளோரைட்டு செம்போடு சேர்ந்து, ஈரலிப்பு வரும்போதெல்லாம் அமிலம் விட்டு, காசை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். உங்கள் செப்புக் குவியலின் மூன்றாவது படத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, ராணியின் கழுத்துப் பக்கம் புள்ளிகளாக. அதை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் போத்தலில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள். மாரி தொடங்கினால் அது வேகமாகப் பரவும். மற்றவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில், ஒவ்வொன்றாகத் தனிக் கடதாசி உறையில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வளையும் மெல்லிய பிளாஸ்ரிக் பைகள் ஆகாது. சில மாதங்களில் பச்சைப் பிசின் கக்கும். வெள்ளிக்காசுக்குப் பக்கத்தில் றப்பர் பான்ட் போடாதீர்கள், கறுத்துவிடும். பழைய தகரத்தை எறியாமல் வெறுமனே வையுங்கள், காசை மட்டும் அதில் திருப்பிப் போட வேண்டாம்.

கடைசியாகக் கனடா மாமா. இலங்கைச் சட்டத்தில் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தைய பொருள் தொல்பொருள். உங்கள் ஸ்டைவரும், ஆண்டைப் பொறுத்து யானைக் காசும் அதற்குள் அடங்கும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். தபாலில் பிடிபட்டால் பறிமுதலோடு நிற்காது. மாமாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மற்றக் காசுகளையும் திணைக்களத்திடம் கேட்காமல் பார்சல் போடாதீர்கள். வீட்டு நிலத்தைத் தோண்டி, உலோகம் காட்டும் கருவி வைத்து மேலும் தேடவும் வேண்டாம், அதுவும் சட்டப் பிரச்சினை.

விற்கத்தான் வேண்டும் என்றால் தேய்ந்த ரூபாய்களிலும் ஒரே மாதிரி நான்கைந்து இருக்கும் போர்க்காலப் பித்தளைக் காசுகளிலும் தொடங்குங்கள். ஒருவர் சொல்லும் விலையோடு நிற்காமல் இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள், காசை விட்டுவிட்டு வராதீர்கள். கொழும்புக்குப் போகிற வேலை இருந்தால் கோட்டையில், சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. உங்களுடையவற்றோடு ஒப்பிட நல்ல மாதிரிகளை அங்கே பார்க்கலாம். ஸ்டைவரையும் ஐந்து சத நோட்டையும் இப்போதைக்கு விற்காதீர்கள். அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ, அம்மப்பா டொக்யாட்டில் எந்தப் பகுதியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை செய்தார், இந்தக் காசுகளைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதன் பிரதியையும் ரோர்ச் வெளிச்சப் படங்களோடு அனுப்பினால் அடுத்த பதிலை எழுத எனக்கு வசதி.